காளி வழிபாடு: பயத்தில் பிறக்கும் தவறுகள்

காளி என்றதும் பலருக்கு அடிவயிற்றில் ஒரு பயம். படத்தை வீட்டில் வைக்கலாமா, சன்னதியில் நேருக்கு நேர் நிற்கலாமா என்று ஆயிரம் கேள்விகள். பெரும்பாலான தவறுகள் இந்தப் பயத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் தவறு, உருவத்தைப் பாதி மட்டும் பார்ப்பது. நாக்கும் தலைமாலையும் கண்ணில் படுகிற அளவுக்குக் கைகள் படுவதில்லை. பரவலாக வணங்கப்படும் வடிவமான தட்சிண காளியின் இடக்கைகளில் வாளும் வெட்டிய தலையும் இருக்கும். வலக்கைகள் அபயமும் வரமும் காட்டும். வெட்டு யாருக்கு, அபயம் யாருக்கு என்று படமே பிரித்துச் சொல்லிவிடுகிறது. காளியின் உக்கிர வடிவமாக வணங்கப்படும் பெரியாச்சியைப் பாருங்கள். மடியில் கிடத்திய பெண்ணின் வயிற்றைக் கிழித்து, ஒருவனைக் காலடியில் போட்டு மிதித்து, ஒரு குழந்தையை உயரத் தூக்கிப் பிடித்திருப்பாள். முதல்முறை பார்ப்பவர் அரண்டுதான் போவார். ஆனால் அவளைத் தேடிப் போகிறவர்கள் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும்தான்! சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிறந்து 30 நாள் ஆன குழந்தையை அவள் சன்னதிக்குத் தூக்கிப்போகும் வழக்கம் இன்றும் உண்டு.

அடுத்தது நாக்கு. சிவனை மிதித்துவிட்ட வெட்கத்தில் நாக்கைக் கடித்தாள் என்ற கதையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். வங்கத்தில் அது செல்லமான கதை, இருக்கட்டும். ஆனால் தேவியின் போர்களைச் சொல்லும் தேவி மாகாத்மியம் என்ற நூலில் துர்க்கையின் நெற்றியிலிருந்து காளி வெளிப்படும்போதே அந்த நாக்கு இருக்கிறது. 8ஆம் அத்தியாயத்தில் ரக்தபீஜன் வருகிறான். அவன் ரத்தம் ஒரு சொட்டு தரையில் விழுந்தால் இன்னொரு அசுரன் முளைப்பான். விழவிடாமல் வாயில் ஏந்திக் குடிப்பவள் காளி. வெட்கக் கதையோடு நிறுத்தினால் இந்தப் போர்க்களமே காணாமல் போகிறது.

உக்கிர அம்மன் எல்லாருக்கும் ஒரே முறை என்று நினைப்பதும் தவறு. அய்யாவாடி பிரத்யங்கிராவுக்கு அமாவாசையில் மிளகாய் வற்றல் போட்டு யாகம் நடக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டு மாடியில் செய்து பார்க்காதீர்கள். சிறுவாச்சூர் மதுரகாளி கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாளில் போனால் பூட்டைக் கும்பிட்டுத் திரும்பலாம். உறையூர் வெக்காளிக்கு மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் நேராக அவள்மேல்தான். பாவம் என்று உருகி விதானத்துக்கு நன்கொடை தரக் கிளம்ப வேண்டாம், அங்கே அதுதான் மரபு. வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுவதுதான் அங்கத்து வழக்கம்.

காணொளியில் கேட்ட, ‘க்ரீம்’ போன்ற ஓரசை பீஜ மந்திரத்தை எண்ணிக்கை வைத்து ஜபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தேவியை முழுமுதலாக வணங்கும் சாக்த மரபில் அது குருவிடம் தீட்சை பெற்றுச் செய்வது. தீட்சை இல்லாதவர்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் ஒரு விளக்கும் செவ்வரளியும் தாராளமாகப் போதும். அப்புறம், "காளி உன்மேல் கோபமாக இருக்கிறாள், பரிகாரத்துக்கு இவ்வளவு ஆகும்" என்று யாராவது ஆரம்பித்தால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.