புது சர்வரில் ஏற்றியே வரும் விண்டோஸ்: ஆரம்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய அலுவலகங்கள் சர்வர் வாங்கும்போது விண்டோஸ் சர்வரையும் அதிலேயே ஏற்றி வாங்குவது வழக்கம். ஆடிட்டர் அலுவலகம், பள்ளிக்கூடம், மொத்த வியாபாரக் கடை என்று எங்கும் இதைப் பார்க்கலாம். பெட்டியைப் பிரித்து, மானிட்டரை மாட்டி, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கொடுத்தால் டெஸ்க்டாப் வந்து நிற்கும். அன்று சாயங்காலமே டேலியை ஏற்றி, பழைய கம்ப்யூட்டரில் இருந்த கணக்குகளைக் காப்பி செய்து, மறுநாள் காலை எல்லோரும் வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த அவசரம்தான் முதல் தவறு. ஃபேக்டரியில் விண்டோஸை ஏற்றுபவருக்கு உங்கள் அலுவலகம் தெரியாது. டிஸ்க்குகளை எப்படிச் சேர்ப்பது, சி டிரைவுக்கு எவ்வளவு இடம், எந்த நேர மண்டலம் என்று எல்லாவற்றையும் பொதுவான கணக்கில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் உங்களுக்கு ஒத்துவராததை மாற்ற, சர்வர் காலியாக இருக்கும் இரண்டு மூன்று நாள்தான் நேரம். கணக்கு ஏறிவிட்டால் அரை மணி நேர வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும். சில மாற்றங்களைச் செய்யவே முடியாது. ஆர்டர் கொடுக்கும்போதே, பெட்டி வந்து மூன்று நாள் கழித்துத்தான் பயன்பாட்டுக்கு வரும் என்று முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் முறை பவர் போடும்போது விண்டோஸ் அந்த மெஷினின் ஹார்டுவேரைக் கண்டுபிடித்துத் தன்னை அமைத்துக்கொள்ளும். நடுவில் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். திரை கறுப்பாகவே நிற்கிறதே என்று பவர் பட்டனை அழுத்திவிட்டாலோ, சுவர் பிளக்கில் நேராக மாட்டியிருந்து கரண்ட் போய்விட்டாலோ, அமைப்பு பாதியில் நின்றுவிடும். அப்புறம் ஒவ்வொரு முறையும் இன்ஸ்டலேஷனைத் தொடர முடியவில்லை என்ற செய்திதான் வரும், பெரும்பாலும் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். முதல் நிமிடத்திலிருந்தே யுபிஎஸ்சில் இருக்கட்டும். இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வர் என்றால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். ஒன்று போனால் இன்னொன்று தாங்க வேண்டும் என்றுதான் இரண்டு கொடுத்திருக்கிறார்கள்.

சர்வருக்குள் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர்

விண்டோஸ் ஓடாதபோதும் சர்வரை வெளியிலிருந்து கட்டுப்படுத்த, மதர்போர்டில் தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கும். டெல்லில் அதன் பெயர் ஐடிராக், எச்பிஇயில் ஐலோ, லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர். விண்டோஸுக்கு நல்ல பாஸ்வேர்டு வைத்தவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். இதற்குள் நுழைந்தவர் சர்வரை நிறுத்தலாம், வேறு டிஸ்கிலிருந்து பூட் செய்யலாம், டிஸ்க்குகளையே அழிக்கலாம்.

டெல் சர்வர்களில் பல வருடம் பயனர் பெயர் ரூட், பாஸ்வேர்டு கால்வின் என்றே வந்தது. உலகம் முழுக்கத் தெரிந்த பாஸ்வேர்டு அது. இப்போது பெரும்பாலும் ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பாஸ்வேர்டு, முன்பக்கம் இழுத்தால் வெளியே வரும் சிறு பட்டையில் அச்சாகி வருகிறது. கலிபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் ஒரு சட்டமும், நெட்வொர்க்கில் இணையும் கருவிகளுக்குத் தனித்தனிப் பாஸ்வேர்டு இருக்க வேண்டும், அல்லது முதல் நுழைவிலேயே மாற்றச் சொல்ல வேண்டும் என்கிறது. அந்தப் பட்டையை போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு உள்ளே போய்ப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இந்தச் சின்னக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் போர்ட்டை இன்டர்நெட் பக்கம் எக்காரணம் கொண்டும் திறந்துவிடாதீர்கள்.

டிஸ்க்குகள்

என் பார்வையில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் டேட்டா நிற்கும்படி அமைப்பதற்கு ரெய்டு என்று பெயர். மூன்று 4 டிபி டிஸ்க்குகளை ரெய்டு 5ஆகச் சேர்த்து, 8 டிபி அளவில் ஒரே வால்யூமாக்கி, அதிலேயே சி டிரைவையும் வைத்து வரும் சர்வர்கள் உண்டு. ஓ.எஸ்சும் கணக்கும் ஒரே இடத்தில் கிடக்கும். விண்டோஸை மீண்டும் ஏற்ற வேண்டிய நாளில் கை நடுங்கும். இரண்டு சிறிய எஸ்எஸ்டிகளை ரெய்டு 1ஆக்கி (ஒன்றில் உள்ளதே மற்றதிலும் இருக்கும்) அதில் விண்டோஸ், மற்ற டிஸ்க்குகளில் டேட்டா என்று பிரிப்பது நல்லது. ஆர்டர் கொடுக்கும்போதே இப்படிக் கேட்டால் கடைக்காரர் செய்து தருவார். வந்த பிறகு மாற்றுவதென்றால் ரெய்டைக் கலைத்து விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டும். காலிச் சர்வரில் அது ஒரு பிற்பகல் வேலை.

மறுபடி ஏற்றும் எண்ணம் இல்லையென்றால் பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரையில்) இரண்டு விஷயங்களைத் தொடவே கூடாது. ஒன்று, விண்டோஸ் தொடங்கும் முறையான பூட் மோடை, புதிய யுஇஎஃப்ஐயிலிருந்து பழைய லெகஸிக்கு மாற்றுவது. இன்னொன்று, டிஸ்க் கன்ட்ரோலரை ரெய்டு மோடிலிருந்து ஏஎச்சிஐ என்ற சாதாரண டிஸ்க் மோடுக்கு மாற்றுவது. எதை மாற்றினாலும் ஏற்றியிருக்கும் விண்டோஸ் பூட் ஆகாது. சர்வர் பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பார்ட்டிஷன்கள் (டிஸ்கின் தனித்தனிப் பகுதிகள்) எந்த வரிசையில் நிற்கின்றன என்று பாருங்கள். பல சர்வர்களில் சி டிரைவுக்கு அடுத்தே ரெகவரி பார்ட்டிஷன் (விண்டோஸைப் பழுதுபார்க்கும் கருவிகள் இருக்கும் பகுதி), அதற்குப் பிறகு காலியிடம் என்று இருக்கும். ஒரு வருடம் கழித்து சி நிறைந்து, பெரிதாக்கலாம் என்று வலது கிளிக் செய்தால் 'எக்ஸ்டென்ட் வால்யூம்' மங்கலாக நிற்கும், அழுத்த முடியாது. காலியிடம் சி டிரைவை ஒட்டி இல்லாததுதான் காரணம். ரெகவரி பார்ட்டிஷன் மிகச் சிறியதாக இருந்தாலும் தொல்லைதான். 2024 ஜனவரியில் விண்டோஸ் சர்வர் 2022க்கு கேபி5034439 என்ற அப்டேட் வந்தது. ரெகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் இல்லாத மெஷின்களில் அது ஏறாமல் 80070643 என்ற பிழை எண்ணைக் காட்டியது. பார்ட்டிஷனைக் கையால் பெரிதாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட் வழிமுறை கொடுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில், எல்லோருடைய கணக்கும் உள்ளே இருக்கும்போது, அந்த வேலையைச் செய்வது எவ்வளவு கவலை தரும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாளே சரிசெய்தால் எந்தப் பயமும் இல்லை.

ஃபர்ம்வேரையும், அதாவது ஹார்டுவேருக்குள்ளேயே இருக்கும் மென்பொருளையும், இப்போதே புதுப்பித்துவிட வேண்டும். விண்டோஸ் அப்டேட் இதைச் செய்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது, சர்வர் கம்பெனி தரும் தொகுப்பை எடுத்துத்தான் ஏற்ற வேண்டும். ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால், 2019 நவம்பரில் எச்பிஇ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அவர்கள் விற்ற எஸ்ஏஎஸ் வகையைச் சேர்ந்த குறிப்பிட்ட சில எஸ்எஸ்டிகள், ஃபர்ம்வேரில் இருந்த குறையால், 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும் என்றது. அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரம். நின்ற பிறகு டிஸ்கும் இல்லை, டேட்டாவும் இல்லை. ஒரே சர்வரில் ஒரே நாளில் ஓடத் தொடங்கிய டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்தக் கணக்கை எட்டும். ரெய்டு இருப்பதால் டேட்டாவுக்கு ஆபத்தில்லை என்று நம்பி பேக்கப் எடுக்காதவர்கள் இந்த ஒரு சம்பவத்தை மனதில் வைத்தால் போதும்.

லைசென்ஸ்

சேசிஸில் (சர்வரின் வெளிக்கூட்டில்) ஒட்டியிருக்கும் லைசென்ஸ் ஸ்டிக்கரை ரேக்கில் ஏற்றும் முன் போட்டோ எடுங்கள். மெஷினோடு வரும் ஓஇஎம் லைசென்ஸ் அந்த மெஷினுக்கு மட்டும்தான். பழசாகிப் போனதும் அதை வேறு சர்வருக்கு எடுத்துப் போக முடியாது. ஸ்டாண்டர்டு பதிப்பின் லைசென்ஸ் குறைந்தது 16 கோர் (பிராசசருக்குள் இருக்கும் கணிப்புப் பகுதி) கணக்கில் வரும். 12 கோர் பிராசசர் இரண்டு போட்டிருந்தால் 24 கோர், மீதி 8 கோருக்குத் தனியாக வாங்க வேண்டும். சர்வருக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும், அல்லது ஒவ்வொரு கருவிக்கும், கால் எனப்படும் கிளையன்ட் லைசென்ஸ் தனி. ரிமோட் டெஸ்க்டாப்பில் பலர் வேலை செய்யும் அலுவலகம் என்றால் அதற்கென்று ஆர்டிஎஸ் கால் என்ற லைசென்ஸ் வேறு. அது இல்லாமலும் 120 நாள் ஓடும். 121ஆம் நாள் யாரும் உள்ளே வர முடியாது என்று அலறல் கேட்கும்.

வாங்கும்போதே டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸா, சர்வர் கோரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோர் என்றால் வழக்கமான டெஸ்க்டாப் இருக்காது, கமாண்ட் விண்டோதான். 2016 பதிப்பிலிருந்து, ஏற்றிய பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வழியில்லை.

ஃபேக்டரி விண்டோஸ் பிடிக்காமல், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாகக் கிடைக்கும் எவாலுவேஷன் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டலேஷன் ஃபைலை) இறக்கி ஏற்றுபவர்களும் உண்டு. அது 180 நாள் பரிசோதனைக்கானது. முடிந்த பிறகு சர்வர் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே நின்றுபோகும். அதற்குள் அதை டொமைன் கன்ட்ரோலர் (அலுவலகக் கம்ப்யூட்டர்களின் லாகின்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் சர்வர்) ஆக்கியிருந்தால் இன்னும் சிக்கல். டொமைன் கன்ட்ரோலராக இருக்கும் நிலையில் எவாலுவேஷனை முழுப் பதிப்பாக மாற்ற முடியாது. மறுபடி ஏற்றுவதென்றால் சர்வர் கம்பெனி தந்த இன்ஸ்டலேஷன் மீடியாவையே பயன்படுத்துங்கள். பெட்டியில் அது இல்லையென்றால் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெயர், நேரம், நெட்வொர்க்

டபிள்யூஐஎன் என்று தொடங்கி அர்த்தமில்லாத எழுத்துகளாக நீளும் பெயரோடு விண்டோஸ் வரும். மாற்றுவதென்றால் முதலிலேயே மாற்றுங்கள், 15 எழுத்துக்குள். டொமைன் கன்ட்ரோலரோ எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரோ ஆன பிறகு பெயர் மாற்றுவது தனிப் பாடு. சர்டிஃபிகேட் சர்வீஸை (டிஜிட்டல் சான்றிதழ் வழங்கும் சேவையை) நிறுவியிருந்தால் மாற்ற விடவே விடாது.

நேர மண்டலம் பெரும்பாலும் அமெரிக்காவின் பசிபிக் நேரத்தில் இருக்கும். கடிகாரம் தப்பாகக் காட்டுகிறதே என்று மண்டலத்தை விட்டுவிட்டு மணியை மட்டும் திருத்துபவர்கள் அதிகம். திரையில் சரியான மணி தெரியும். உள்ளே சர்வர் நினைத்துக்கொண்டிருக்கும் உலக நேரமோ 13½ மணி நேரம் தள்ளி இருக்கும், அமெரிக்கக் கோடையில் 12½. இதனால் இணையத் தளங்களின் சர்டிஃபிகேட்டை ஏற்காது, ஆன்லைன் பேக்கப் மறுக்கும். டொமைனில் நுழைவதைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், வழக்கமான அமைப்பில், ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி என்று இந்தியாவுக்கு ஒரு வரி, ஸ்ரீ ஜெயவர்த்தனபுர என்று இலங்கைக்கு ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு மணியைச் சரிபாருங்கள்.

டொமைன் உள்ள அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ்ஸாக (பெயரைக் கேட்டால் நெட்வொர்க் முகவரியைச் சொல்லும் சர்வராக) டொமைன் கன்ட்ரோலரின் முகவரிதான் இருக்க வேண்டும். ரவுட்டரையோ கூகுளின் 8.8.8.8ஐயோ கொடுத்தால் லாகின் இழுத்துக்கொண்டே போகும், சில நேரம் டொமைனே கிடைக்காது.

மென்பொருள் கனெக்ட் ஆகவில்லை என்று ஃபயர்வாலை முழுவதுமாக அணைப்பதும், வீட்டிலிருந்து வேலை பார்க்க ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவதும் மிகவும் ஆபத்தான பழக்கங்கள். டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல்கள் இந்த போர்ட்டைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. தேவையான போர்ட்டை மட்டும், அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள். வெளியிலிருந்து வருபவர்களுக்கு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வையுங்கள்.

பெட்டி கிடங்கில் எத்தனை மாதம் கிடந்ததோ, விண்டோஸும் அத்தனை மாதம் பழையது. வானாக்ரை என்ற ரேன்சம்வேர் 2017 மே 12 அன்று பரவியபோது அதைத் தடுக்கும் திருத்தம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மார்ச் 14 அன்றே மைக்ரோசாஃப்ட் கொடுத்துவிட்டது. ஏற்றாதவர்கள்தான் மாட்டினார்கள். ஆகவே மற்ற எந்த மென்பொருளுக்கும் முன்னால் அப்டேட். 'இனி எதுவும் இல்லை' என்று சொல்லும்வரை ரீஸ்டார்ட் செய்து திரும்பத் திரும்பத் தேடுங்கள்.

இவ்வளவும் முடிந்ததும், டேட்டா ஏற்றும் முன், சர்வரை முழுவதுமாக ஒரு பேக்கப் எடுங்கள். விண்டோஸ் சர்வர் பேக்கப் தானாக இருக்காது, சர்வர் மேனேஜரில் ஃபீச்சராகச் சேர்க்க வேண்டும். பேர் மெட்டல் ரெகவரி என்பதைத் தேர்ந்தெடுத்து யுஎஸ்பி டிஸ்கில் எடுத்தால், சர்வரே வெறுமையாகிப் போனாலும் அதிலிருந்து மீட்கலாம். எடுத்ததோடு விட்டுவிடாமல், மீடியாவிலிருந்து பூட் செய்து, அந்த பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பாருங்கள். இப்போது அழிந்துபோக உள்ளே ஒன்றும் இல்லை. மீண்டு வந்த விண்டோஸில் லைசென்ஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, டேட்டா டிரைவ் அதே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டேலியை ஏற்றத் தொடங்கலாம்.