வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் ஆங்கிலம் பேசப் பழக்க

நன்றாக எழுதுகிற பிள்ளையும் வகுப்பில் எழுந்து ஆங்கிலம் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதே பிள்ளை வீட்டுத் திண்ணையில் போனைப் பிடித்துப் பேசிவிடும். மைக்கை மேலே தள்ளிப் பூட்டிப் பேசி, நிறுத்திக் கேட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம் என்பதை முதல் நாளே செய்து காட்டுங்கள்.

மொத்த வகுப்புக்கும் ஒரே குரூப் வேண்டாம். 40 பேர் 30 வினாடி பேசினால் 20 நிமிடம். யார் உட்கார்ந்து கேட்பார்கள்? நான்கு பேருக்கு ஒரு குரூப் போதும். குரூப்பில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் பெற்றோரிடம் கேட்டுவிட்டே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தயங்குகிற வீட்டுப் பிள்ளை உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும்.

'உன் ஊரைப் பற்றிப் பேசு' என்றால் கைடில் உள்ளதை ஒப்பிப்பார்கள். அடுத்தவரிடம் கேட்டால்தான் தெரியும் என்ற நிலை வேண்டும். நெல்லை ஜங்ஷனிலிருந்து பாபநாசம் போகும் பஸ் நேரங்களை எழுதி, பாதியை மறைத்து ஒரு படம், மறுபாதியை மறைத்து இன்னொரு படம் எடுத்து, நால்வரையும் இருவர் இருவராகப் பிரித்து ஆளுக்கொன்று தனியாக அனுப்புங்கள். முதல் நாள் கேள்வி, மறுநாள் பதில். மூன்றாம் நாள், பத்து மணிக்குள் அம்பாசமுத்திரம் சேர எந்த பஸ் என்று இருவரும் பேசி முடிவுசெய்ய வேண்டும்.

திருத்தும்போது ஒரு பதிவுக்கு ஒரு பிழை மட்டும். அந்தப் பதிவுக்கே ரிப்ளையாக, உங்கள் குரலில். தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. அதனால்தான் 'இஸ்கூல்', 'புக்கு' என்று வருகிறது. தமிழெழுத்தில் எழுதிவைத்துப் படிக்கவும் விடாதீர்கள்: முதுகு, பை, மூட்டை கட்டுவது மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களையும் 'பேக்' என்றுதான் எழுதுவார்கள். ஒருவர் மூன்றையும் வரிசை மாற்றிச் சொல்லட்டும், மற்றவர் கேட்ட வரிசையில் படம் வரைந்து அனுப்பட்டும். படம் தப்பினால் உச்சரிப்பு எங்கே தப்பியது என்று அவர்களே பிடித்துவிடுவார்கள்.

போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் வெளியே நின்று பேசினால் காற்றிரைச்சல்தான் பதியும். வீட்டுக்குள், ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

'மாலை 6 மணிக்குள்' என்று கெடு வைத்தால் பாதிப் பேர் அனுப்பமாட்டார்கள். அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வந்த பிறகே பல வீடுகளில் போன் பிள்ளை கைக்கு வரும். மறுநாள் இரவு 9 மணி வரை விடுங்கள்.