படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறதா? இதைச் செய்து பாருங்கள்

விடியற்காலையில் தூக்கம் கலைந்து ஒரு பக்கம் புரள்கிறீர்கள். மின்விசிறி, பரண், ஜன்னல் எல்லாம் சேர்ந்து சுழல்கின்றன. கண்ணை இறுக்கி மூடி அசையாமல் கிடந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. எழுந்து உட்காரும்போது மறுபடி ஒரு சுற்று. அப்புறம் மொட்டை மாடிக் கொடியில் துணி போட அண்ணாந்தால் வருகிறது, வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் வருகிறது. சும்மா உட்கார்ந்து டீ குடிக்கும்போது ஒன்றும் இல்லை.

உங்களுக்கும் இப்படித்தான் என்றால் இது மூளைக் கோளாறாகவோ பித்தமாகவோ இருப்பதைவிட, காதுக்குள் இருக்கும் கல் இடம் மாறிய கோளாறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நான் சென்னை பெரம்பூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற வேலை. எனக்கு வலது காதில் இது வந்தது, சரியானது, அப்புறம் திரும்பியும் வந்தது. இப்போது ரவிக்கை தைக்க வருகிறவர்களில் யாராவது "தலை சுத்துதுக்கா" என்றால் நான் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம் திரும்பினா வருது?" என்றுதான். எந்தக் காது என்று தெரிவது பாதி வைத்தியம். ஒவ்வொரு நிலையிலும் அவசரப்படாமல் காத்திருப்பது மீதிப் பாதி.

காதுக்குள் நடப்பது இதுதான். உள்காதில் ஒரு சிறு பையில் கண்ணுக்குத் தெரியாத கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், கல் என்று சொன்னது இவற்றைத்தான். பக்கத்திலேயே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள். வயதாவதால், தலையில் அடிபட்டதால், நீண்ட நாள் படுக்கையில் கிடந்ததால், சில சமயம் எந்தக் காரணமும் தெரியாமலே, துகள்கள் பையிலிருந்து உதிர்ந்து ஒரு குழாய்க்குள் விழுந்துவிடும். பெரும்பாலும் விழுவது பின்பக்கக் குழாயில். தலையைத் திருப்பும்போது அவை உருண்டு திரவத்தையும் இழுத்துக்கொண்டு போவதால், தலை நின்ற பிறகும் "இன்னும் சுழல்கிறாய்" என்று காது மூளைக்குச் சொல்கிறது. துகள் அடங்கியதும் சுற்றலும் நிற்கிறது.

உள்ளே வெற்றிடமாக உள்ள வளையலுக்குள் மணல் புகுந்துவிட்டால் என்ன செய்வோம்? வளையலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, மணலை ஓட்டை வரைக்கும் உருட்டிக்கொண்டு வருவோம். இங்கே சுழற்ற வேண்டியது தலையை. அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்துக் காது மருத்துவர் ஜான் எப்லி 1992-ல் வெளியிட்ட முறை இது. ரொம்ப நாள் சக மருத்துவர்களே இதை நம்பவில்லை. இன்று உலகம் முழுக்க இதுதான் முதல் சிகிச்சை.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. பீட்டாஹிஸ்டின், ஸ்டெமெட்டில் மாதிரி மாத்திரைகளால் குமட்டலும் தலைச்சுற்றலும் கொஞ்சம் மட்டுப்படலாம். கல்லை அவை நகர்த்தாது. மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை, அதிலும் வயதானவர்களுக்குச் சில மாத்திரைகள் தள்ளாட்டத்தைக் கூட்டி விழவைத்துவிடும். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று நினைத்துக் கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு நடப்பவர்களையும் பார்க்கிறேன். படுக்கையில் புரளும்போது மட்டும் வந்து ஒரு நிமிடத்தில் போகிற சுற்றலுக்கு அந்தப் பட்டை ஒன்றும் செய்யாது.

முதல் தடவை வரும்போது வீட்டில் நீங்களாகவே ஆரம்பிக்காதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை போய்விடுங்கள். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை எல்லாவற்றிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. அங்கே உங்களை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, கண்ணைப் பார்ப்பார்கள். 1952-ல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இரண்டு மருத்துவர்கள் விவரித்த சோதனை. எந்தக் காது கீழே இருக்கும்போது கண்மணி துடித்துத் துடித்து ஓடுகிறதோ அந்தக் காதுதான் கோளாறு. அந்த நேரத்தில் கண்ணை மூடத்தான் தோன்றும். திறந்தே வைத்திருங்கள், மருத்துவருக்கு வேண்டிய விஷயமே அந்தத் துடிப்பில்தான் இருக்கிறது. சுற்றல் வரும்போது வீட்டில் யாராவது செல்போனில் உங்கள் கண்ணைக் கிட்டத்தில் வீடியோ எடுத்து வைத்தால் அதையும் காட்டலாம். இந்தச் சோதனையிலேயே தெளிவாகத் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது.

வேறு சில அடையாளங்கள் இருந்தால் இந்தப் பயிற்சிப் பக்கமே போகக்கூடாது. பேச்சு குழறுவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, இரண்டு இரண்டாகத் தெரிவது, இதுவரை வராத கடுமையான தலைவலி, பிடித்துக்கொண்டாலும் நிற்க முடியாத தள்ளாட்டம், மணிக்கணக்கில் விடாமல் சுற்றுவது. இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள், பக்கவாதமாக இருக்கலாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கழுத்தில் கடுமையான தேய்மானம், முடக்குவாதம், கழுத்து அறுவை சிகிச்சை, கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு, விழித்திரை விலகல் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் செய்ய வேண்டாம்.

சரி, வலது காது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செய்வதற்கு முன்னால் கொஞ்சம் தயாராக வேண்டும். சாப்பிட்டவுடன் செய்யாதீர்கள், வாந்தி வரும். நான் காலையில் வெறும் வயிற்றில் செய்வேன். கையெட்டும் தூரத்தில் ஒரு வாளி. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு ஆள், எனக்கு என் வீட்டுக்காரர். பெண்கள் கொண்டையை அவிழ்த்து, கிளிப்பை எடுத்துவிடுங்கள். பின்னந்தலையில் கொண்டை முட்டினால் தலை தேவையான அளவு பின்னால் சாயாது, செய்த பயிற்சியும் வீண். ஜிமிக்கி, மூக்குக்கண்ணாடியும் வேண்டாம். அப்புறம் கட்டில். வலது காதுக்குச் செய்தால் கடைசியில் இடப்பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு எழ வேண்டும். நம் வீடுகளில் கட்டில் ஏதாவது ஒரு சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும். படுத்தால் உங்களுக்கு இடப்பக்கம் சுவர் வருகிறதென்றால், தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் படுங்கள்.

கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். மல்லாந்தால் தோளுக்கு அடியில் வருகிற மாதிரி தலையணையைப் பின்னால் வையுங்கள். தலைக்கு அல்ல, தோளுக்கு. இப்போது முகத்தை வலப்பக்கம் திருப்புங்கள். முழுக்கத் தோள்வரை வேண்டாம், நேருக்கும் தோளுக்கும் நடுவில், 45 டிகிரி.

அந்தத் திருப்பல் மாறாமல் சற்று வேகமாக மல்லாந்து சாயுங்கள். தோள் தலையணை மேல், தலை அதைத் தாண்டிக் கொஞ்சம் கீழே தாழ்ந்து மெத்தையில், முகவாய் லேசாக மேலே. வலது காது கீழ்நோக்கி இருக்கும். சில நொடிகளில் சுற்றல் ஆரம்பிக்கும், கடுமையாகவே இருக்கும். பயப்படாதீர்கள், கல் நகர்கிறது என்று அர்த்தம். எழுந்துவிடாதீர்கள். சுற்றல் முழுக்க நின்ற பிறகும் அரை நிமிடம் அப்படியே இருங்கள். என் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுவார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கிடப்பது பெரிய உதவி.

அடுத்து, தலையைத் தூக்காமல் அப்படியே இடப்பக்கம் திருப்புங்கள். வலது 45-லிருந்து இடது 45 வரை, மொத்தம் 90 டிகிரி. தலை தாழ்ந்தே இருக்க வேண்டும். பலர் இங்கேதான் அனிச்சையாகத் தலையைத் தூக்கிவிடுவார்கள். துணைக்கு நிற்பவர் இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டால் நல்லது. மறுபடி அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் காத்திருங்கள்.

பிறகு உடம்போடு சேர்ந்து இடது தோள் மேல் ஒருக்களியுங்கள். தலையையும் இன்னொரு 90 டிகிரி திருப்பினால் மூக்கு மெத்தையைப் பார்க்கும். இங்கேயும் சுற்றல் வரலாம், வராமலும் போகலாம். எப்படியானாலும் அதே அளவு காத்திருங்கள்.

கடைசியாக, முகவாயைக் கொஞ்சம் மார்பை நோக்கித் தாழ்த்தி வைத்துக்கொண்டே இடப்பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு மெதுவாக எழுந்து உட்காருங்கள். எழுந்ததும் யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி ஒரு வேகம் சிலருக்கு வரும். அதனால் துணைக்கு இருப்பவர் தோளை விடக்கூடாது. பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்திருங்கள்.

இடது காது என்றால் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் இடப்பக்கம் திரும்பி மல்லாந்து, வலப்பக்கம் சுழன்று, வலப்பக்கமாக எழ வேண்டும். கட்டிலின் வலப்பக்கம் காலியாக இருக்கட்டும்.

நிறைய பேருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே குணம் தெரியும். மறுநாள் காலை புரண்டு பாருங்கள். சுற்றல் இருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பெரிய சுற்றல் போன பிறகும் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி ஒரு மிதப்பு சில நாள் இருக்கும், அது தானாகப் போய்விடும். இரண்டு நாள் உட்கார்ந்தேதான் தூங்க வேண்டும் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். அது தேவையில்லை என்று இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அன்றைக்கு ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். சுற்றல் அடியோடு நிற்கும் வரை தண்ணீர்த் தொட்டி பார்க்க ஏணி ஏறவே கூடாது. ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

ஒரு வாரம் செய்தும் குறையவில்லை, அல்லது இப்போது இரண்டு பக்கம் புரண்டாலும் பலமாகச் சுற்றுகிறது என்றால் மேற்கொண்டு முயற்சி செய்யாமல் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். கல் வேறு குழாய்க்குள் போயிருக்கலாம், அதற்குச் செய்யும் முறையே வேறு.

என் மாமியாருக்கும் இது வந்தது. அவருக்குக் கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியாது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது பிராண்ட்-டாரோஃப் பயிற்சி, 1980-ல் வந்த முறை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முகத்தை ஒரு பக்கம் பாதி திருப்பி, எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து படுக்க வேண்டும், முகம் கூரையைப் பார்க்கும். அரை நிமிடம் இருந்து எழுந்து, அரை நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் அதேபோல் மறுபக்கம். இப்படி ஐந்து சுற்று, காலையும் மாலையும், இரண்டு வாரம். எப்லி அளவுக்குச் சீக்கிரம் கேட்காது. ஆனால் கழுத்து தாழ வேண்டியதில்லை, எந்தக் காது என்று தெரியாவிட்டாலும் செய்யலாம். "சுத்துதுடி, போதும்" என்பார். "இன்னும் ஒரு சுத்துதான் அத்தே" என்று கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இது திரும்ப வரக்கூடியது. வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு அதை ஈடுசெய்தால் திரும்ப வருவது குறைகிறது என்று 2020-ல் தென்கொரியாவில் நடந்த ஆய்வு காட்டியது. வெயில் கொளுத்தும் சென்னையிலும் வீட்டுக்குள்ளேயே வேலை செய்கிற பலருக்கு அது குறைவாகத்தான் இருக்கிறது, ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மருத்துவர் சீட்டிலேயே எந்தக் காது, எந்தக் குழாய் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அந்த ஒரு வரி போதும். அடுத்த தடவை காது மாறியும் வரலாம், அதனால் அப்போதும் ஒருமுறை சாய்த்துப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே ஆரம்பியுங்கள்.