கிரில்லின் சுழல் கம்பி: வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா?

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் கரி கிரில் உள்ள வீடுகளிலும் ஹோம்ஸ்டேக்களிலும் பரணைத் தேடினால் பெரும்பாலும் முழுக் கோழியைக் குத்தித் தணலுக்கு மேல் சுற்றி வாட்டும் ஒரு சுழல் கம்பி கிடைக்கும்: நீளக் கம்பி, இரண்டு முள் கவ்விகள், திருகுகள், ஒரு சின்ன மோட்டார். வாங்கிய புதிதில் ஓரிரு முறை சுற்றியிருக்கும். இதை என்ன செய்வது என்று யோசிக்கும்போது பலரும் கொடுத்த விலையையும் எடுத்த தடவைகளையும்தான் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கு உதவாது. இது செய்யும் வேலையை வீட்டில் வேறொன்று செய்துவிடுமா? மலை ஓதத்தில் இது கெடாமல் இருக்குமா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் போதும்.

மழைக்காலத்தில் பரணை ஒழிக்கும்போது முடிவெடுக்காதீர்கள். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. அது ஓய்ந்ததும் வடகிழக்கு வந்துவிடுகிறது. கோத்தகிரியும் கொடைக்கானலும் அதில் நன்றாகவே நனையும். மலையில் வெளியே கரி மூட்ட வாகான மாதங்கள் ஜனவரி முதல் மே வரைதான். ஆறேழு மாதம் தொடவில்லை என்பதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கம்பி இல்லாமல் முழுக் கோழி வாட்ட முடியாது என்று நினைப்பதும் தவறு. மூடியுள்ள கிரில்லில் கரியை இரு பக்கமும் ஒதுக்கி, நடுவில் கொழுப்பு சொட்ட ஒரு தட்டு வைத்து, அதற்கு மேலே கோழியை வைத்து மூடினால் ஒன்றேகால் கிலோ கோழி ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் வெந்துவிடும். தொடையின் தடித்த பகுதியில் 74 டிகிரி செல்சியஸ் வந்தால் சரி. கம்பியால் கூடுதலாகக் கிடைப்பது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி முறுகும் தோல். தோல் உரித்த கோழிதான் வாங்குவீர்கள் என்றால் அந்த லாபமும் இல்லை. கம்பியைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம்.

மூடி இல்லாத திறந்த கிரில்லில் மாட்டிவிட்டு, "வேகவே மாட்டேங்குது" என்று மோட்டாரைக் குறை சொல்பவர்கள் அதிகம். 2,000 மீட்டர் உயரத்தில் மாலைக் காற்று அடித்தால் சூடு மேலே நிற்காது. கம்பியை மாட்டியபடியே மூடியையும் மூட உதவும் வளையம் உங்கள் கிரில்லுக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். பொருந்தாவிட்டால் மேலே யோசிக்கத் தேவையில்லை.

பொருந்தினால் சோதித்துவிடுங்கள். நேராகக் கோழியை மாட்டிச் சோதிப்பதுதான் வழக்கமான தவறு. பாதியில் நின்றால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக இருக்கும். ஒன்றரைக் கிலோ முட்டைக்கோஸ் ஒன்றை வாங்கி, கழுவிய கம்பியை நடுவில் செருகி, இரு கவ்விகளாலும் இறுக்குங்கள். கம்பியின் இரு முனைகளையும் உள்ளங்கைகளில் தளர்வாக ஏந்தினால் கனமான பக்கம் தானாகக் கீழே திரும்பும். எதிர் எடை இருந்தால் அதை மேல்பக்கம் திருப்பி இறுக்குங்கள். இல்லையென்றால் கோஸை மாற்றிக் குத்துங்கள். பிறகு நெருப்பில்லாமல் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். மோட்டார் உடம்பு வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் நல்லது. தொட முடியாமல் சுட்டாலோ, கனமான பக்கம் மேலேறும்போது திணறினாலோ, உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றாலோ உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. எடை சமமில்லாமல் ஓட்டினால் முதலில் போவது அதுதான். சில மோட்டார்கள் ஒவ்வொரு முறை போடும்போதும் வேறு திசையில் சுற்றும், அது பழுதல்ல. வெந்த இறைச்சி சுருங்கும்போது கவ்வி தளரும் என்பதால் திருகு மரை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கோழியைக் கட்டப் பருத்தி நூல், நைலான் உருகிவிடும்.

துருவைப் பார்த்ததும் காயலான் கடைக்குப் போடவும் வேண்டாம், எல்லாத் துருவையும் தேய்த்துச் சரிசெய்துவிடலாம் என்றும் நம்ப வேண்டாம். எவர்சில்வர் கம்பியில் மேலோட்டமான கறை தேய்த்தால் போய்விடும். பளபளப்புப் பூச்சு செதிலாக உரியும் கம்பி உணவுக்குள் செல்லத் தகுதியற்றது. மோட்டார் இணைப்புப் பெட்டியில் துரு ஏறியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஈரப் புல்வெளியில் மின்சாரத்தோடு விளையாடக் கூடாது.

கூட வந்த மற்றவற்றைத் தீர்ப்பது எளிது. சமதள இரும்புத் தட்டின் வேலையைத் தோசைக்கல் செய்யும். புகைமணத்துக்காகக் குச்சி போட்டுக் கரிமேல் வைக்கும் புகைப்பெட்டிக்குப் பதில் துளையிட்ட அலுமினியத் தாள் பொட்டலம் போதும். உள்ளே காய்ந்த பேரி, பிளம்ஸ் கவாத்துக் குச்சி போடலாம். கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) உண்ணிச்செடியையும் போடாதீர்கள். முன்னதில் எண்ணெய்ப் புகை, பின்னது நச்சுச் செடி.

"குளிருக்கு ஆகுமே" என்று சின்ன கிரில்லை வைத்துக்கொள்வது மட்டும் பொறுக்க முடியாத தவறு. மூடிய அறைக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. கொடைக்கானலில் இப்படித் தூக்கத்திலேயே உயிர்கள் போயிருக்கின்றன. தணலாக இருந்தாலும் அறைக்குள் கொண்டுவரக் கூடாது.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் உப்பும் சாம்பலும் ஒட்டாமல் கழுவி, சூட்டில் உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, செய்தித்தாளில் சுற்றித் துணிப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஓதம் அடைந்து துரு வேகமாக ஏறும். மோட்டாரைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பேட்டரி மோட்டார் என்றால் செல்களைக் கழற்றிவிடுங்கள். மழை மாதங்களில் மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் இறுகிப் போகாது.

கொடுப்பது என்றால் கம்பி, கவ்விகள், திருகுகள், தாங்கி, மோட்டார் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுங்கள். கம்பியின் தடிமனையும் அது சதுரமா, அறுகோணமா என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். மோட்டாரின் துளைக்கும் கம்பிக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே உள்ளே நழுவும். அப்படிப் பிரிந்த செட் யாருக்கும் பயன்படாது.