இயங்கலையில் வேதியியல்: மோல் வரும் முன்பே செய்துவிடும் தவறுகள்

எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமாவுக்கு மனுச் செய்ய நினைப்பவர்கள், படிவம் 4-இல் வேதியியலை எடுக்காமல் விட்டுவிட்டு இப்போது அறிவியல் பக்கம் திரும்ப விரும்புகிறவர்கள் என்று பலரும் இயங்கலையில் அறிமுக வேதியியல் வகுப்பில் சேர்கிறார்கள். பினாங்கில் டியூஷன் சொல்லித்தரும் என்னைத் தேடி இவர்கள் வரும் கட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். அணு, தனிமம், சேர்மம் என்று முதல் வாரங்கள் சுலபமாக ஓடியிருக்கும். துகள்களை எண்ணும் அலகான மோல் வந்ததும் வண்டி நின்றிருக்கும். "மோல்தான் சார் புரியல" என்பார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தால் மோலில் பெரிய கோளாறு இருக்காது. கோளாறெல்லாம் அதற்கு முந்தைய பக்கங்களில் இருக்கும். பல சமயம் நோட்டே இருக்காது.

பார்த்துவிட்டால் படித்ததாகிவிடுமா?

ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் போகும் பேருந்தில் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பாட வீடியோ பார்ப்பதில் தவறில்லை. அதைப் படிப்புக் கணக்கில் சேர்ப்பதுதான் தவறு. திரையில் ஆசிரியர் கணக்கைப் போடுகிறார், ஒவ்வொரு வரிக்கும் தலை தானாக ஆடுகிறது, 'புரிந்துவிட்டது' என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். கண் பார்த்தால் கை செய்யும் என்பது கோலத்துக்குப் பொருந்தலாம், வேதியியல் கணக்குக்குப் பொருந்துவதில்லை. அதே கணக்கில் சோடியத்துக்குப் பதில் மக்னீசியத்தை வைத்துக் கொடுத்தால் பேனா முதல் வரியிலேயே நின்றுவிடும்.

செய்ய வேண்டியது எளிது. ஆசிரியர் கேள்வியை வாசித்து முடித்ததும் வீடியோவை நிறுத்துங்கள். தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள், பாதியில் நின்றாலும் பரவாயில்லை. பிறகு ஓட விடுங்கள். எந்த வரியில் நின்றீர்களோ அந்த வரிதான் உங்களுக்கு அன்றைய பாடம். பத்து நிமிட வீடியோ அரை மணி நேரம் எடுக்கும். வகுப்பின் அறிமுகப் பக்கத்தில் 'வாரத்துக்கு இத்தனை மணி நேரம்' என்று போட்டிருப்பார்களே, அதில் இந்த அரை மணிகளும் சேர்ந்திருக்கின்றன. வீடியோக்களின் நீளத்தை மட்டும் கூட்டிப் பார்த்து 'ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிடலாம்' என்று திட்டம் போடுகிறவர்கள் அதிக நாள் தாங்குவதில்லை.

12 மணி நேர ஷிப்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இரவு ஷிப்ட் முடிந்து வந்த காலையில் கணக்கில் கை வைக்காதீர்கள். அந்த நேரத்தில் வீடியோவோ வாசிப்போ போதும். பயிற்சிக் கணக்குகளை ஓய்வு நாளுக்கு ஒதுக்குங்கள். வீட்டில் இடமில்லை, சத்தம் என்றால் கிரீன் லேனில் டிஜிட்டல் நூலகம் இருக்கிறது.

'இது ஏற்கெனவே தெரியும்' என்று முதல் வாரத்தைத் தாண்டுவது

ஏறக்குறைய எல்லா அறிமுக வகுப்புகளும் அலகு, அளவீடு, பத்தின் அடுக்கில் எண் எழுதுவது, முக்கிய இலக்கங்கள் என்றுதான் தொடங்கும். உப்புச் சப்பில்லாத பகுதி, ஒப்புக்கொள்கிறேன். வெடிப்பும் நிறமாற்றமும் எதிர்பார்த்து வந்தவர்கள் இதைத் தாண்டிக் குதிப்பதில் வியப்பில்லை. ஆனால் 'மோல் புரியவில்லை' என்று வருகிறவர்களில் பாதிப் பேரின் சிக்கல் இங்கேதான் கிடக்கிறது.

ஒரு தம்பி கணிப்பொறியை (கால்குலேட்டரை) நீட்டிக் கேட்டான்: "சார், வழி எல்லாம் சரியாத்தான் போட்டேன். விடை மட்டும் பைத்தியம் மாதிரி வருது." கேள்வி சின்னது. 3.01 × 10²³ அணுக்கள் எத்தனை மோல்? வழியும் சரி, ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண்ணால் (6.02 × 10²³) வகுத்திருக்கிறான். விடை அரை மோல் வரவேண்டும். திரையில் நின்றது 5 × 10⁴⁵.

"நீ அழுத்தினத அப்படியே மறுபடி அழுத்து, நான் பாக்கறேன்" என்றேன். 3.01, பெருக்கல் குறி, 10, அடுக்கு, 23, வகுத்தல் குறி, 6.02, பெருக்கல் குறி, 10, அடுக்கு, 23. கணிப்பொறி இடமிருந்து வலமாகப் போகும். 6.02-ஆல் வகுத்துவிட்டு, கடைசி 10²³-ஐ மறுபடி பெருக்கிவிட்டது. கீழே இருக்கவேண்டிய அடுக்கு மேலே ஏறி, 23-உம் 23-உம் கூடி 46 ஆகி, முன்னால் இருந்த 0.5-ஐயும் சேர்த்தால் 5 × 10⁴⁵. பள்ளியில் வாங்கிய கேசியோவிலேயே இதற்கென்று தனிப் பொத்தான் உண்டு. சில மாடல்களில் 'எக்ஸ்ப்' என்றும், புதியவற்றில் '×10' மேல் சிறு அடுக்குடனும் இருக்கும். அதை அழுத்தினால் 6.02 × 10²³ முழுவதும் ஒரே எண்ணாக உள்ளே போகும். இல்லையென்றால் கீழ் எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். கைப்பேசிக் கணிப்பொறியை நம்பி இறங்காதீர்கள், அதில் அந்தப் பொத்தான் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்குள் நேரம் போய்விடும்.

முக்கிய இலக்கங்களும் அப்படித்தான். 11.7 கிராம் சோடியம் குளோரைடு எத்தனை மோல் என்று கேட்டால், 11.7-இல் மூன்று முக்கிய இலக்கங்கள் இருப்பதால், 0.200 என்பது விடை. 0.2 என்று தட்டினால் சில தளங்கள் ஏற்கும், சில தளங்கள் சிவப்புப் புள்ளி போடும். பள்ளி ஆசிரியராக இருந்தால் வழியைப் பார்த்து இரண்டு மதிப்பெண் போடுவார். இயந்திரத்திடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது.

முக்கோணத்தை விடாமல் பிடித்துக்கொள்வது

நம் பள்ளிகளில் பலருக்கும் மோல் கணக்கு முக்கோணமாகத்தான் அறிமுகமாகிறது. மேலே நிறை, கீழே மோலும் மோலார் நிறையும் (ஒரு மோலின் நிறை). வேண்டியதை விரலால் மறைத்தால் சூத்திரம் கிடைக்கும். ஒரே ஒரு படி உள்ள கணக்குக்கு இது வேகமான வழி. இயங்கலை வகுப்புகளில், குறிப்பாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நடத்துவனவற்றில், ஆசிரியர் முக்கோணம் போடமாட்டார். அலகுகளை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நீளமாக ஒரே வரியில் போவார். 'இது என்ன சுற்றி வளைத்து' என்று நம் பிள்ளைகள் அதை ஒதுக்கிவிட்டு முக்கோணத்துக்கே திரும்புகிறார்கள். பெரிய நஷ்டம் அது.

ஏன் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். 4.6 கிராம் சோடியம் நீரோடு முழுவதும் வினைபுரிகிறது. எத்தனை கிராம் ஹைட்ரஜன் வெளிவரும்? சமப்படுத்திய சமன்பாட்டில் 2 சோடியத்துக்கு 1 ஹைட்ரஜன் மூலக்கூறு. ஒரே வரியில் எழுதினால் இப்படி வரும்:

4.6 கிராம் சோடியம் × (1 மோல் சோடியம் ÷ 23 கிராம் சோடியம்) × (1 மோல் ஹைட்ரஜன் ÷ 2 மோல் சோடியம்) × (2 கிராம் ஹைட்ரஜன் ÷ 1 மோல் ஹைட்ரஜன்) = 0.2 கிராம் ஹைட்ரஜன்

'கிராம் சோடியம்' மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகிறது. அடுத்து 'மோல் சோடியம்', அதற்கடுத்து 'மோல் ஹைட்ரஜன்'. கடைசியில் மிஞ்சுவது 'கிராம் ஹைட்ரஜன்' மட்டும், கேட்டதும் அதுதான். முக்கோணத்தில் இதைப் போட்டால் இரண்டு முக்கோணங்களுக்கு நடுவே அந்த 2-க்கு 1 விகிதம் தொங்கிக்கொண்டு நிற்கும். அதை மறந்தால் 0.4 கிராம், தலைகீழாகப் போட்டால் 0.8 கிராம். இரண்டுமே பார்க்க நியாயமான எண்கள்தான், அதனால் சந்தேகம் வராது. நீள வரியிலோ விகிதம் தலைகீழானால் 'மோல் சோடியம்' வெட்டுப்படாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். அலகோடு பொருளின் பெயரையும் எழுதுவது முக்கியம். வெறும் 'மோல்' என்று எழுதினால் எது எதோடு வெட்டுப்பட்டது என்றே தெரியாமல் போகும்.

முதல் சில நாள் கை வலிக்கும். கரைசலின் செறிவும் வாயுவின் பருமனும் வரும்போது இதே வரியை இன்னும் இரண்டு கட்டம் நீட்டினால் போதும், புதுச் சூத்திரம் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு புத்தகம், இரண்டு எண்

படிவம் 4 பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இயங்கலை வகுப்பைத் தொடர்வது நல்ல யோசனைதான். எண்களை மட்டும் கலக்காதீர்கள். நம் பள்ளிக் கணக்கில் குளோரின் 35.5, சோடியம் 23. வகுப்பு தரும் தனிம அட்டவணையில் 35.45, 22.99 என்று இருக்கும். எந்த வகுப்பின் வினாவுக்கு விடை எழுதுகிறீர்களோ அந்த வகுப்பின் அட்டவணையையே பயன்படுத்துங்கள்.

வாயுவின் மோலார் பருமனில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் என்று ஒரு வீடியோ சொல்லும், 22.7 என்று இன்னொன்று, 24 என்று நம் டியூஷன் தாள். மூன்றும் சரியே. வெப்பநிலை 0 பாகை செல்சியஸ், அழுத்தம் 1 வளிமண்டலம் என்றால் 22.4. பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயூபேக் 1982-இல் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது, அந்தக் கணக்கில் 22.7. அறை வெப்பநிலைக்குத் தோராயமாக 24. வகுப்பில் 'திட்ட நிலை' என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தில் நிறுத்தி, எந்த அழுத்தம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மோலின் வரையறையும் மாறியிருக்கிறது. பழைய வீடியோக்கள் '12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை' என்று சொல்லும். 2019 மே 20 முதல் மோல் என்பது துல்லியமாக 6.02214076 × 10²³ துகள்கள். கணக்குப் போடும்போது வித்தியாசம் தெரியாது. வரையறையைக் கேட்கும் வினாவில் தெரியும்.

மலாய் மொழியில் வேதியியல் படித்தவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. நாட்ரியம், காலியம், ஃபெரும், பிளும்பும் என்று படித்ததால் குறியீடுகள் தாமாகவே நினைவில் நிற்கும். ஆங்கில வீடியோவில் சோடியம், பொட்டாசியம் என்று கேட்கும்போது மட்டும் முதல் வாரம் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான்.

சின்னதாகத் தெரியும் சில

சமன்பாட்டைச் சமப்படுத்தும்போது வாய்பாட்டுக்கு உள்ளே இருக்கும் சிறிய எண்ணைத் தொடக்கூடாது. நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்கு அடியில் 2 போட்டால் கணக்கு அழகாகச் சமமாகிவிடும். நீர்தான் ஹைட்ரஜன் பெராக்சைடாகிவிட்டிருக்கும். மாற்றக்கூடியது முன்னால் நிற்கும் எண்ணை மட்டுமே. கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' தளத்தில் இதற்கென்றே ஒரு விளையாட்டு இலவசமாக இருக்கிறது, ஒரு மாலை அதில் செலவழித்தால் இந்தப் பழக்கம் போய்விடும்.

தட்டச்சில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கவனம். கோபால்ட்டின் குறியீட்டில் இரண்டாவது எழுத்து சிறியது. அதைப் பெரிதாகத் தட்டினால் கார்பன் மோனாக்சைடு. கைப்பேசி தானாகத் 'திருத்தி' வைக்கும் வேலையை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

உதவி கேட்கும்போது 'ஒன்றுமே புரியவில்லை' என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. போட்ட தாளைப் படம் எடுத்து, நின்ற வரியைக் காட்டிக் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் முழுக் கணக்கையும் கொடுத்து விடை வாங்குவது, முன்பு சொன்ன தலையாட்டலேதான். நீங்கள் போட்ட வழியில் எங்கே பிசகு என்று கேட்பது வேறு. அங்கேயும் அது சொல்லும் எண்ணைக் கணிப்பொறியில் ஒருமுறை சரிபாருங்கள், தவறான விடையையும் அது தயங்காமல் சொல்லும்.

குளியலறையை ஆய்வுக்கூடமாக்குவது

இயங்கலை வகுப்பில் ஆய்வுக்கூடம் திரைக்குள் இருக்கும். கை பரபரக்கும் சிலர் வீட்டிலேயே எதையாவது கலந்து பார்க்கிறார்கள். துணி வெளுக்கும் பிளீச்சோடு அமிலம் உள்ள கழிவறைத் துப்புரவு நீர்மம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள நீர்மம் சேர்ந்தால் குளோரமின். அடுக்குமாடி வீட்டின் சின்னக் குளியலறையில், ஒரு சன்னல்கூட இல்லாத இடத்தில், இரண்டுமே மூச்சுக்குழாயைப் பதம் பார்த்துவிடும்.

கை வைத்துப் பார்க்க ஆசை என்றால் சங்குப்பூ போதும். நியோன்யா பலகாரங்களுக்கு நீலம் ஏற்றும் அதே புங்கா தெலாங்தான், பினாங்கில் வேலியோரம் எல்லாம் படர்ந்து கிடக்கிறது. ஏழெட்டுப் பூவை வெந்நீரில் ஊறவைத்து, நீலச் சாற்றை மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் கஸ்தூரி எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி, இன்னும் பிழியப் பிழிய இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். இன்னொன்றில் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் பச்சை கலக்கும். மூன்றாவதை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலத்துக்கும் காரத்துக்கும் ஏற்ப நிறம் மாறுவதுதான் காரணம். அமிலம், காரம் பாடம் வரும் வாரத்தில் செய்து பாருங்கள்.

கடிகாரமும் சான்றிதழும்

வெளிநாட்டு வகுப்பின் கெடு நேரம் பெரும்பாலும் நமக்குச் சாதகமாகவே அமையும். மலேசியா உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் இருப்பதால், அந்தக் கணக்கில் ஞாயிறு இரவு 11:59 என்பது நமக்குத் திங்கள் காலை 7:59. சிக்கல் நேரலை வகுப்பில்தான். பாஸ்டனில் செவ்வாய் மாலை 7 மணி என்றால் இங்கே புதன் காலை 7 மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் 8 மணி. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. பகல் ஷிப்டில் இருப்பவர்கள் சேரும் முன்பே நேரலைப் பதிவை பிறகு பார்க்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

'இலவசம்' என்பதையும் வாசித்துப் பாருங்கள். பல தளங்களில் வீடியோ மட்டுமே இலவசம், மதிப்பெண் உள்ள வினாக்கள் கட்டணத்துக்குப் பின்னால் இருக்கும். பயிற்சி இல்லாத வேதியியல் வகுப்பால் தொடக்கநிலை மாணவருக்குப் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. அப்படியானால் கான் அகாடமியின் பயிற்சிகளையும் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் இலவசப் பாடநூலையும் சேர்த்துக்கொண்டால் காசு செலவில்லாமலே போதிய கணக்குகள் கிடைக்கும்.

வகுப்பு முடிந்து கிடைக்கும் சான்றிதழ், எஸ்.பி.எம். வேதியியலில் தேர்ச்சி கேட்கும் படிப்புக்குப் பொதுவாக அந்த இடத்தை நிரப்பாது. பாடம் புரிவதற்கு உதவும், சேர்க்கைத் தகுதி தனிக் கணக்கு. உள்ளூர்க் கல்லூரி நடத்தும் முழுப் படிப்பு என்றால் மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். வெளிநாட்டுக் குறுகியகால வகுப்பு என்றால், நீங்கள் சேரவிருக்கும் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவுக்கு வகுப்பின் பெயரையும் பாடத்திட்டத்தையும் அனுப்பி, ஏற்பார்களா மாட்டார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு அதற்குப் பிறகு பணம் கட்டுங்கள்.