ஜவ்வுக்குள் குடியிருப்போரும் வந்து போவோரும்: இணைப்புத் திசுவின் செல்களை அடையாளம் காணும் முறை

கோழியின் தோலை உரிக்கும்போது, தோலுக்கும் சதைக்கும் நடுவே பஞ்சுபோல் இழுபடும் மெல்லிய ஜவ்வு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். சமையலுக்கு உதவாதென்று நாம் பிய்த்தெறியும் அந்த ஜவ்வுதான் உடலின் பாகங்களை ஒன்றோடொன்று இணைத்துத் தாங்கும் தளர்வான இணைப்புத் திசு. தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கும் நான், இத்திசுவின் செல்களை அவர்கள் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்துவிட்டு, நுண்ணோக்கியின் முன் அமர்ந்ததும் எது எதுவென்று தெரியாமல் விழிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பெயருக்கு முன்பாக ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் செல் இங்கேயே குடியிருப்பதா, வந்து போவதா? காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும்போது நிற்கும் கூட்டத்தில் அந்தக் கரையிலேயே வாழ்பவர்களும் இருப்பார்கள். கூடையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுபவர்களும் இருப்பார்கள். இணைப்புத் திசுவிலும் ஃபைப்ரோபிளாஸ்ட், கொழுப்புச் செல், மாஸ்ட் செல், பெரும்பாலான மேக்ரோஃபேஜ்கள் ஆகியவை குடியிருப்பவை. நியூட்ரோஃபில், இயோசினோஃபில், லிம்ஃபோசைட் ஆகிய வெள்ளையணுக்கள் தேவையேற்படும்போது ரத்தக் குழாயிலிருந்து வெளியேறி வருபவை.

இனி ஸ்லைடைத் தயாரிக்கலாம். கையுறை அணிந்துகொண்டு, அந்த ஜவ்வில் அரை சென்டிமீட்டர் அளவு எடுத்து, இரண்டு ஊசிகளின் முனையால் ஸ்லைடின் மீது ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகப் பரப்புங்கள். அது பாதி உலர்ந்து ஒட்டிக்கொண்டதும் மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் கழித்து நீரால் மெதுவாகக் கழுவிவிட்டு, மேலே மூடுவில்லையை வையுங்கள். முதலில் 10 மடங்குப் பொருளருகு வில்லையிலும் பிறகு 40 மடங்கிலும் பாருங்கள். தடிமனாகப் பரப்பினால் நீலக் கறையைத் தவிர எதுவும் தெரியாது. பெரும்பாலான மாணவர்களின் முதல் ஸ்லைடு இப்படித்தான் வீணாகிறது.

நார்களுக்கு இடையே ஆங்காங்கே தெரியும் நீள்வட்ட நீலப் புள்ளிகளில் பெரும்பாலானவை ஃபைப்ரோபிளாஸ்ட்டின் உட்கருக்கள். செல்லின் உடல் மிக வெளிறியிருப்பதால் உட்கரு மட்டுமே கண்ணில் படும். இத்திசுவின் தலைமைத் தொழிலாளி இதுவே என்பது என் கருத்து. ஏனெனில் சுற்றிலும் காணும் கொலாஜன் நார், எலாஸ்டின் நார், அவற்றுக்கிடையே நிறைந்திருக்கும் கூழ் போன்ற தளப்பொருள் ஆகிய அனைத்துக்கும் மூலப்பொருளைச் சுரந்து வெளியே அனுப்புவது இதுதான். கிழிந்த வலையைக் கரையில் உட்கார்ந்து ஊசியால் பின்னுபவரைப்போல, காயம்பட்ட இடத்தில் புதிய நாரைப் பின்னுவதும் இதன் வேலை. அப்போது இவற்றில் சில சுருங்கும் ஆற்றல்பெற்ற மையோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறிக் காயத்தின் விளிம்புகளை நெருங்கச் செய்கின்றன. கொலாஜன் உறுதியான முப்புரி இழையாக முறுக்கிக்கொள்வதற்கு வைட்டமின் சி தேவை. அது கிடைக்காதபோது ஈறுகளில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வருவது இதனால்தான். ஆட்டுக்கால் பாயா ஆறியதும் கெட்டிப்படுவதும் இதே கொலாஜனின் விளைவுதான்: நீண்ட நேரம் கொதித்த கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்திருக்கிறது.

கொழுப்புச் செல்லை அடையாளம் காண்பது எளிது. உங்கள் ஸ்லைடில் அது பளபளக்கும் உருண்டையாகத் தெரியும். ஆய்வகத்தின் நிலையான ஸ்லைடிலோ வெற்று வளையமாகத் தெரியும். நிலையான ஸ்லைடைத் தயாரிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். உட்கரு ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டு, கல் பதித்த மோதிரம்போல் காட்சியளிக்கும்.

மாஸ்ட் செல்லுக்கு டொலுயிடின் நீலம் பொருத்தமானது. நீலச் சாயம்தான் என்றாலும் இச்செல்லின் துகள்கள் ஊதாச் சிவப்பாக மாறும். துகள்களில் உள்ள ஹெப்பாரின் என்ற பொருள் சாயத்தின் நிறத்தையே மாற்றிவிடுகிறது. பால் எர்லிக் 1878-இல் தம் மருத்துவப் பட்ட ஆய்வேட்டில் இதை விவரித்தபோது, துகள் நிறைந்த அச்செல் நன்றாக உண்டு கொழுத்தது என்று எண்ணி, தீனியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லால் பெயரிட்டார். எண்ணம் தவறு, பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அத்துகள்களில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் காத்திருக்கிறது. ஒவ்வாமையின்போது அது வெளிப்படுவதால்தான் தோல் தடித்து அரிக்கிறது.

கிருமிகளையும் கழிவுகளையும் விழுங்கும் மேக்ரோஃபேஜின் உட்கரு பெரும்பாலும் ஒரு பக்கம் குழிந்து சிறுநீரக வடிவில் இருக்கும். இதை ஃபைப்ரோபிளாஸ்ட்டிலிருந்து பிரித்தறிவது கடினம். அது விழுங்கி வைத்திருக்கும் பொருள் தென்பட்டால்தான் உறுதியாகச் சொல்லலாம். நுரையீரல் ஸ்லைடில் கரித்துகள்களை விழுங்கிக் கறுத்த மேக்ரோஃபேஜ்களைக் காணலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் புகைக்குப் பின்னால் சைக்கிளில் வரும் என் மாணவர்களுக்கு இந்த ஸ்லைடு உடனே புரிந்துவிடுகிறது. விழுங்கும் செல்களை ஆராய்ந்த மெச்னிகாஃபும் எர்லிக்கும் 1908-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பிளாஸ்மா செல்லைக் கோழி ஜவ்வில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். குடலின் உட்சுவர் ஸ்லைடில் அது தாராளமாகக் கிடைக்கும். ஓரமாக ஒதுங்கிய வட்ட உட்கருவில் குரோமாட்டின் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த பொருள்) வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல் படிந்திருக்கும். அதையொட்டி வெளிறிய ஒரு பகுதி தெரிந்தால் அது, சுரக்க வேண்டிய புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கோல்கை உறுப்பு இருக்கும் இடம். பி லிம்ஃபோசைட்டிலிருந்து உருவாகும் இச்செல்லின் ஒரே தொழில் கிருமிகளை எதிர்க்கும் புரதமான எதிர்ப்பொருளைச் சுரப்பது. இரண்டு மடல் உட்கருவும் இளஞ்சிவப்புத் துகளும் காணப்பட்டால் அது இயோசினோஃபில்.

செய்முறைத் தேர்வில் படம் வரையும்போது செல்களை நெருக்கி அடுக்காதீர்கள். இத்திசுவில் செல்லைவிட இடைவெளியும் நாருமே மிகுதி. முதலில் தடித்த கொலாஜன் கற்றைகளையும் மெல்லிய எலாஸ்டின் இழைகளையும் வரைந்து, அவற்றின் நடுவே நான்கைந்து செல்களை மட்டும் தள்ளித் தள்ளி வையுங்கள்.