சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல சுகர் பார்க்குறது எப்படி, அந்த நம்பர்ல கணையம் என்ன சொல்லுது

கேஎல்லயும் சரி பினாங்குலயும் சரி, இனிப்பு நீர் இருக்குறவங்க நிறைய பேர் காலையில வெறும் வயித்துல மட்டும்தான் விரலைக் குத்திப் பார்க்குறாங்க, 6 சொச்சம் காட்டுனா ஓகே லான்னு நேரா மாமாக் கடைக்கு கிளம்பிடுறாங்க. அது பாதிக் கதைதான். கணையத்தோட நெலமை தெரியணும்னா சாப்பாட்டுக்கு பிறகும் பார்க்கணும்.

மொதல்ல, சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை குத்திப் பாருங்க. அப்புறம் முதல் வாய் வைக்கிற நேரத்தை போன்ல குறிச்சிக்குங்க, ரெண்டு மணி நேரக் கணக்கு அங்க இருந்துதான், சாப்பிட்டு முடிச்சதுல இருந்து இல்ல. கையை சோப்பு போட்டு கழுவி நல்லா தொடச்சிடுங்க, ஏன்னா மாம்பழமோ டுரியானோ தொட்ட விரல்ல ஒட்டியிருக்குற இனிப்பே நம்பரை ஏத்திக் காட்டிடும், ஹேண்ட் சானிட்டைசர் மட்டும் போட்டா அது போகாது. நுனிக்கு நடுவுல குத்தாம ஓரமா குத்துங்க, வலி கம்மி. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிடுங்க, நம்ம ஊரு ஈரக் காத்து அதைக் கெடுத்துடும்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம், இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. கணையத்துல சுமார் பத்து லட்சம் குட்டிக் குட்டி செல் திட்டுகள் இருக்கு, 1869-ல பால் லாங்கர்ஹான்ஸ்னு ஒரு ஜெர்மன் மருத்துவ மாணவர்தான் அதை மொதல்ல எழுதி வச்சார், அது எதுக்குன்னு அப்ப யாருக்கும் தெரியல. அதுல இருக்குற பீட்டா செல்தான் இன்சுலின் விடுது. ரத்தத்துல குளுக்கோஸ் லிட்டருக்கு 5 மில்லிமோலை, அதாவது நம்ம மீட்டர்ல 5-ஐ, தாண்டி ஏற ஏற அந்த செல்லுக்குள்ள குளுக்கோகைனேஸ்னு ஒரு என்சைம் வேகம் பிடிக்கும், குளுக்கோஸ் எரிஞ்சு செல்லுக்கு சக்தி குடுக்குற ஏடிபி கூடும், ஏடிபி கூடுனா பொட்டாசியம் வெளிய போற வாசல் மூடிக்கும். பொட்டாசியம் உள்ளயே தங்கிட்டதால செல்லைச் சுத்தியிருக்குற சவ்வோட மின் அழுத்தம் மாறும், அதனால கால்சியம் வாசல் திறக்கும், கால்சியம் உள்ள பாஞ்சதும் இன்சுலின் நிரம்பின பொட்டலங்கள் அந்த சவ்வோட ஒட்டி ரத்தத்துல கொட்டும்.

அது ஒரே மாதிரி கொட்டாது, ரெண்டு கட்டமா வரும். கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே கடையில ரொட்டியைப் பாதி வாட்டி அடுக்கி வச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி சவ்வு ஓரமா தயாரா நிக்குற பொட்டலங்கள் முதல் பத்து நிமிஷத்துக்குள்ள போயிடும், உள்ள இருக்குறது அப்புறம் மெதுவா வந்துகிட்டே இருக்கும். டைப் 2 இனிப்பு நீர்ல ஆரம்பத்துலயே அடி வாங்குறது இந்த முதல் கட்டம்தான். அதனாலதான் காலையில நம்பர் நல்லா இருந்தும் ரொட்டி சானாயும் தே தாரேயும் உள்ள போனதும் எகிறிடுது.

டைப் 2 இருக்குறவங்களுக்கு மலேசிய வழிகாட்டுதல்ல பொதுவா சொல்ற இலக்கு வெறும் வயித்துல 7.0-க்குள்ள, ரெண்டு மணி நேரத்துல 8.5-க்குள்ள, உங்க டாக்டர் வேற நம்பர் சொல்லியிருந்தா அதுதான் கணக்கு. தமிழ்நாட்டு சொந்தக்காரங்க 150, 180ன்னு பேசுனா பயப்படாதீங்க, அங்க அளவே வேற (mg/dL), நம்ம நம்பரை 18-ஆல பெருக்குனா அவங்க நம்பர் வந்துடும்.

அடிக்கடி தாண்டுதுன்னா அதே சாப்பாட்டை வரிசை மாத்தி சாப்பிட்டுப் பாருங்க, காய்கறி, முட்டை, மீன் மொதல்ல, சோறு கடைசியில. குடல்ல இருந்து ஜிஎல்பி-1ங்கிற ஹார்மோன் முன்னாடியே கிளம்பி பீட்டா செல்லுக்கு கை கொடுக்கும், வயிறும் மெதுவா காலியாகும். தே தாரேக்கு பதிலா பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் குடிங்க. இப்படி செஞ்சும் எறங்கலன்னா எழுதி வச்ச நம்பர் எல்லாத்தையும் கிளினிக்குக்கு கொண்டு போங்க.

சுகரைக் குறைக்குற கிளிக்லசைட் மாத்திரை போடுறவங்க ஒன்னை மட்டும் விட்டுடாதீங்க. அந்த மாத்திரை பொட்டாசியம் வாசலைத் தானே மூடிடும், ரத்தத்துல சீனி இருக்கா இல்லையான்னு பார்க்காது. மாத்திரையைப் போட்டுட்டு விரதம்னு பசியாறாம கோயிலுக்கு கிளம்புனா சுகர் இறங்கிடும், விரதம் இருக்கணும்னா மொதல்லயே டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. கை நடுங்குது, வேர்க்குது, மீட்டர் 4-க்கு கீழ காட்டுதுன்னா ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணியில கலக்கி உடனே குடிங்க, 15 நிமிஷத்துல திரும்ப குத்திப் பாருங்க, ஏறலன்னா இன்னொரு தடவை குடிங்க. மயங்கிட்டவங்க வாயில மட்டும் எதையும் ஊத்தாதீங்க, 999-க்கு அடிங்க.